தாய்லாந்தின் 30 பாட் திட்டம்: பொதுக் காப்பீடு ஏழைகளின் உயிரைக் காத்தது எந்த வழியில்? – ஒரு நிகழ்வு ஆய்வு

பொது மருத்துவக் காப்பீடு வந்தால் ஏழைகளுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் இடையிலான நலவாழ்வு ஏற்றத்தாழ்வு குறையும் என்ற கருத்தைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கின்றனர். அது எந்த வழியில் குறைகிறது என்று கேட்டால்தான் விடைகள் வேறுபடுகின்றன. கட்டணம் குறைவதால் மக்கள் தயங்காமல் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பது ஒரு விடை. ஏழைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைக்கு அந்தச் சிகிச்சைக்கான பணம் முறையாக வந்து சேர்வதால்தான் மாற்றம் நிகழ்கிறது என்பது இன்னொரு விடை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், எதை நம்பித் திட்டம் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு முற்றிலும் மாறிவிடும். தாய்லாந்தில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய, 30 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) திட்டம் என்று மக்கள் பெயரிட்டழைத்த அனைவருக்குமான காப்பீடு, இந்த இரண்டு விடைகளையும் பிரித்துப் பார்க்க வாய்ப்பளித்த மிகச் சில நிகழ்வுகளில் ஒன்று என்பதால், அதை இங்கே சற்று விரிவாகவே ஆராயலாம்.

திட்டத்துக்கு முன்

2001-க்கு முன் தாய்லாந்தில் மருத்துவப் பாதுகாப்பே இல்லை என்று கருதுவது சரியன்று. துண்டு துண்டாகப் பல ஏற்பாடுகள் இருந்தன. அரசு ஊழியர்களுக்கும் அவர்களுடைய பெற்றோர், துணைவர், பிள்ளைகளுக்கும் அரசு வரிப்பணத்திலிருந்து சிகிச்சைச் செலவை ஈடுகட்டியது. தனியார் துறையில் முறையான வேலையில் இருந்தவர்களுக்கு, 1990-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரின் பங்களிப்பில் இயங்கும் காப்பீடு இருந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு 1975 முதல் இலவச மருத்துவ அட்டை வழங்கப்பட்டது. இவற்றில் எதிலும் சேராத உழவர்களும் சிறு வணிகர்களும் விரும்பினால் சந்தா கட்டிச் சேர்ந்துகொள்ள, 1983-இல் ஒரு குடும்ப அட்டைத் திட்டமும் உருவாக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும், மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர், அதாவது சுமார் 1.8 கோடிப் பேர், எந்தக் காப்பீட்டுக்குள்ளும் வராமல் இருந்தனர்.

இவற்றுள் ஏழைகளுக்கான இலவச அட்டைதான் நம் கவனத்துக்கு உரியது. யார் ஏழை என்பதை ஊர் அளவிலேயே பார்த்துச் சான்றளிக்கும் முறை இருந்ததால், அட்டை கிடைக்க வேண்டிய பலருக்குக் கிடைக்காமலும், தேவைப்படாத சிலருக்குக் கிடைத்தும் வந்தது. இந்தக் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிடப் பெரிய குறை கணக்குப் புத்தகத்துக்குள் மறைந்திருந்தது. அட்டை வைத்திருப்பவருக்குச் சிகிச்சை இலவசம் என்று அரசு அறிவித்துவிட்டதே தவிர, அந்தச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு அது ஒதுக்கிய தொகை, உண்மையான செலவில் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுகட்டியது. ஆகவே அட்டையுடன் வந்த ஒவ்வொரு நோயாளியும் அந்த மருத்துவமனைக்கு இழப்பாக முடிந்தார். பணம் கட்டும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு அந்த இழப்பை நிரப்ப வேண்டும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. பணம் கட்டக்கூடியவர்கள் மிகுந்த மாகாணங்களில் அது எப்படியோ நடந்தது. பெரும்பாலோர் ஏழைகளாக இருந்த வடகிழக்கு மாகாணங்களில் அந்த வருவாய்க்கே வழியில்லை. எங்கே இலவச சிகிச்சைக்கான தேவை மிகுதியோ, அங்கேதான் அதைக் கொடுப்பதற்கான வசதி குறைவாக இருந்தது.

சந்தா அட்டையும் வேறொரு காரணத்தால் தடுமாறியது. குடும்பத்துக்கு 500 பாட் கட்டினால் அரசும் தன் பங்காகப் பணம் சேர்க்கும் என்பது பின்னர் வந்த ஏற்பாடு. ஆனால் விருப்பம் சார்ந்த எந்தக் காப்பீட்டிலும் நடப்பதுதான் இங்கும் நடந்தது: வீட்டில் நோயாளி இருப்பவர்களும் பிரசவத்தை எதிர்பார்த்திருந்தவர்களும் முந்திக்கொண்டு அட்டை வாங்கினர், உடல்நலத்தோடு இருந்தவர்கள் வாங்கவில்லை. செலவு மிகுந்தவர்கள் மட்டும் சேர்ந்த நிதியம் எந்நாளும் பற்றாக்குறையில்தான் இருக்கும். முறைசாராத் தொழிலில் இருப்பவர்களிடம் சந்தா வசூலித்து அனைவருக்குமான காப்பீட்டை அடைந்துவிடலாம் என்ற நம்பிக்கை, தாய்லாந்தில் இருபதாண்டு முயற்சிக்குப் பிறகும் கைகூடவில்லை.

முன்பே எழுந்திருந்த மருத்துவமனைகள்

30 பாட் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 2001-இல் கதையைத் தொடங்குகின்றனர். அப்படித் தொடங்கினால் காப்பீட்டுக்கு உரியதற்கு மேலான புகழைக் கொடுத்துவிடுவோம் என்பது என் கருத்து. மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டு அரசுப் பணியாற்ற வேண்டும் என்ற கட்டாயம், பெரும்பாலும் கிராமப்புறத்தை மனத்தில் வைத்து, 1972-இலேயே கொண்டுவரப்பட்டது. ஐந்தாவது வளர்ச்சித் திட்டக் காலமான 1982 முதல் 1986 வரை, நகரங்களில் மருத்துவமனைகளைப் புதிதாக விரிவுபடுத்துவதை அரசு நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் அவற்றின் கீழ் இயங்கும் துணை மாவட்ட நலவாழ்வு நிலையங்களுக்கும் திருப்பிவிட்டது. அங்கே மாகாணத்துக்குள் அடங்கும் சிறிய நிர்வாகப் பிரிவே மாவட்டம் என்பதை நினைவில் கொண்டால், இந்த வலைப்பின்னல் எவ்வளவு கீழ்மட்டம் வரை சென்றது என்பது விளங்கும். 1990-களின் முடிவில், மிகப் பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவர், செவிலியர், பிரசவ அறை, படுக்கைகள் ஆகியவற்றுடன் ஒரு மருத்துவமனை இயங்கிக்கொண்டிருந்தது.

இதன் பலன் காப்பீட்டுக்கு முன்பே தெரியத் தொடங்கியது. 1990, 2000 ஆகிய இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வு, குழந்தை இறப்பில் மிக ஏழைக் குடும்பங்களுக்கும் மிக வசதியான குடும்பங்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி அந்தப் பத்தாண்டில் 55 விழுக்காடு சுருங்கியிருந்ததைக் காட்டியது. கட்டடமும் ஆளும் இருந்தாலே இடைவெளியில் பாதியை மூடிவிட முடியும் என்பது இதன் பொருள். மீதிப் பாதி ஏன் மூடாமல் நின்றது என்பதே 2001-க்குரிய கேள்வி.

2001-இல் எடுக்கப்பட்ட முடிவுகள்

கிராமப்புற மருத்துவராகப் பணியைத் தொடங்கிய மருத்துவர் சங்குவான் நித்யாரம்போங், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த சான்றுகளுடன் அனைவருக்குமான காப்பீடு இயலக்கூடியதே என்று அரசியல் கட்சிகளிடம் எடுத்துரைத்து வந்தார். தாக்சின் ஷினவத்ராவின் தாய் ரக் தாய் கட்சி அதைத் தேர்தல் வாக்குறுதியாக ஏற்றுக்கொண்டு 2001 ஜனவரியில் வென்றது. அதே வேளையில், 1997-ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் தந்த உரிமையைப் பயன்படுத்திக் குடிமக்கள் அமைப்புகள் 50,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டித் தாங்களே ஒரு சட்ட வரைவை முன்வைத்தன. ஏப்ரலில் பயாவ், யசோதோன், நக்கோன் சவான், பதும் தானி, சமுத் சாக்கோன், யலா ஆகிய ஆறு மாகாணங்களில் திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்குள் நாடு முழுவதையும் எட்டியது. 2002 நவம்பரில் தேசிய நலவாழ்வுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏழைகளின் இலவச அட்டை, சந்தா அட்டை, காப்பீடே இல்லாதவர்கள் என்ற மூன்று பிரிவினரும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர்; ஏறத்தாழ 4.7 கோடிப் பேர், அதாவது நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்கினர்.

ஆசிய நிதி நெருக்கடியிலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்த ஒரு நாடு, தலைவருமானம் 2,000 டாலரைக்கூடத் தொடாத நிலையில் இதைத் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. செல்வம் சேர்ந்த பிறகுதான் இதெல்லாம் முடியும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒவ்வொரு முறை சிகிச்சைக்கு வரும்போதும் 30 பாட் மட்டும் கட்டினால் போதும் என்பது மக்கள் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. அது அன்றைய மதிப்பில் முக்கால் டாலருக்கும் சற்றுக் குறைவு. மிக ஏழைகளுக்கு அதுவும் இல்லை. பின்னர் 2006-இல் அந்தக் கட்டணத்தையே நீக்கினர். 2012-இல் பல விலக்குகளுடன் மீண்டும் கொண்டுவந்தனர். இந்த ஏற்ற இறக்கங்களால் திட்டத்தின் போக்கு பெரிதாக மாறவில்லை. மாற்றத்தின் வேர், கண்ணுக்குத் தெரியாத மூன்று முடிவுகளில் இருந்தது. முதலாவது, சந்தாவை முற்றிலும் கைவிட்டுப் பொது வரிப்பணத்திலிருந்தே செலவிடுவது என்ற முடிவு. இரண்டாவது, மருத்துவமனைகளை நடத்தும் நலவாழ்வு அமைச்சகத்திடமிருந்து பணத்தைப் பிரித்து, மக்களுக்காகச் சேவையை வாங்கும் பொறுப்பைத் தேசிய நலவாழ்வுப் பாதுகாப்பு அலுவலகம் என்ற தனி அமைப்பிடம் ஒப்படைத்தது; சங்குவானே அதன் முதல் பொதுச் செயலாளரானார். மூன்றாவது, பணத்தைப் படுக்கை எண்ணிக்கையின்படியோ பழைய பட்ஜெட்டின்படியோ கொடுக்காமல், பதிவுசெய்த ஆட்களின் எண்ணிக்கையின்படி தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தது.

பணம் சென்ற பாதை

2002-இல் தலைக்கு 1,202 பாட் என்று நிர்ணயித்தனர். எண்ணளவில் இது எளிய ஏற்பாடாகத் தோன்றும். ஒரு மாவட்ட மருத்துவமனையையும் அதன் கீழுள்ள நிலையங்களையும் சேர்த்த வலையமைப்பில் 50,000 பேர் பதிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் பெயரில் ஆண்டுக்குக் கணக்கிடப்படும் தொகை 6 கோடி பாட்டைத் தாண்டும். அவர்களில் எத்தனை பேர் ஏழைகள், எத்தனை பேர் முன்பு எந்த அட்டை வைத்திருந்தார்கள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நேற்றுவரை மருத்துவமனைக்கு இழப்பாக இருந்த ஏழை உழவர், இன்று அதே மருத்துவமனையின் வருவாய்க்கு அடிப்படையான ஒரு தலையாகிவிட்டார். அவரைத் தன் பட்டியலில் வைத்துக்கொள்வதில் மருத்துவமனைக்கு இப்போது அக்கறை உண்டு. அவர் நோய் முற்றாமல் முன்கூட்டியே வந்தால் செலவு குறையும் என்பதால், அவரைத் தேடிச் சென்று சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பதிலும் அக்கறை உண்டு.

தொடக்கத்தில் இந்தத் தலைவீதத்துக்குள்ளேயே ஊழியர் சம்பளத்தையும் சேர்த்திருந்தனர். அதன் விளைவு கடுமையாக இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் தேவைக்கு மேல் குவிந்திருந்த மத்தியப் பகுதி மருத்துவமனைகள், மக்கள் குறைவாகவும் சம்பளச் செலவு மிகுதியாகவும் இருந்ததால் திடீரென நெருக்கடிக்கு உள்ளாயின. மக்கள் மிகுதியாகவும் ஊழியர் குறைவாகவும் இருந்த வடகிழக்கில், முன்பு கனவிலும் காணாத அளவு பணம் கையில் நின்றது. பெரிய மருத்துவமனைகளின் எதிர்ப்பு வலுத்தபோது, அவற்றைத் தாங்கிப் பிடிக்கத் தனி அவசர நிதி ஒதுக்கப்பட்டது. சம்பளத்தைக் கணக்கிடும் முறையிலும் பின்வாங்கல் நேர்ந்தது. மருத்துவர்களைப் பணத்தின் வழியே மாகாணங்களுக்கிடையில் பகிர்ந்தளிக்கும் நோக்கம் அதனால் பாதியில் நின்றது. இருந்தாலும் மருந்து, பரிசோதனை, செயல்பாட்டுச் செலவு ஆகியவற்றுக்கான பணம் ஏழை மாகாணங்களை நோக்கி நகர்ந்தது நின்றுவிடவில்லை.

இதன் விளைவை மிகக் கூர்மையாக அளந்தவர்கள் ஜொனாதன் க்ரூபர், நதானியேல் ஹென்ட்ரன், ராபர்ட் டவுன்சென்ட் ஆகிய பொருளாதார அறிஞர்கள். 2014-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு சிசு மரணத்தை மாகாண வாரியாகப் பார்த்தது. 2001-க்கு முன், ஏழை மாகாணங்களில் சிசு மரண விகிதம் வசதியான மாகாணங்களைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. திட்டம் வந்த பிறகு மாகாணத்தின் வறுமைக்கும் சிசு மரணத்துக்கும் இடையிலிருந்த அந்தத் தொடர்பு பூஜ்யத்துக்கு இறங்கியது.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். மிக ஏழைகளுக்குச் சிகிச்சை 2001-க்கு முன்பும் காகிதத்தில் இலவசம்தான். அதற்குப் பின்பும் இலவசம்தான். அவர்களைப் பொறுத்தவரை கட்டணத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் அவர்கள் மருத்துவமனைக்கு வருவது கூடியது. அவர்களின் குழந்தைகள் பிழைத்தது கூடியது. மாறியது ஒன்றுதான்: அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதற்கான பணம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. கட்டணக் குறைப்பால் பயன்பெற்றவர்கள் இருக்கவே செய்தார்கள். முன்பு காப்பீடே இல்லாதவர்கள் அவர்கள். ஆனால் ஏற்றத்தாழ்வின் அடித்தட்டில் இருந்தவர்களின் நிலையை மாற்றியது மருத்துவமனையின் கஜானாவுக்குள் நிகழ்ந்த மாற்றம். அறிமுகத்தில் குறிப்பிட்ட இரண்டு விடைகளில் எதற்கு எடை கூடுதல் என்ற கேள்விக்கு, இந்த நிகழ்வு தரும் பதில் இதுவே.

தலைவீத முறைக்கு மறுபக்கமும் உண்டு. பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால், குறைவாகச் செய்தால் மிச்சமாகும் என்ற ஆசை மருத்துவமனைக்கு எழலாம். உள்நோயாளிகளுக்கு மட்டும், மொத்த உச்சவரம்புக்குள் நோயின் தன்மைக்கேற்பத் தொகை வழங்கும் முறையைத் தனியாக வைத்தது இந்த ஆபத்தை ஓரளவு தடுத்தது. புகார்களுக்கு 1330 என்ற தொலைபேசி எண், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே சிகிச்சையால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, முடிவெடுக்கும் வாரியத்தில் குடிமக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆகியவை மீதியைக் கவனித்துக்கொள்ள ஏற்படுத்தப்பட்டவை.

குடும்பங்களின் கையிருப்பு

உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்குப் புறநோயாளியாகச் செல்வது 2003-இல் சராசரி 2.45 முறையாக இருந்து 2010-இல் 3.22 முறையாக உயர்ந்தது. மருத்துவமனையில் சேர்வதும் 0.094-இலிருந்து 0.116 ஆனது. கூடிய இந்தப் பயன்பாட்டில் பெரும்பகுதி மாவட்ட மருத்துவமனைகளிலும் நலவாழ்வு நிலையங்களிலும் நிகழ்ந்தது என்பதும், அங்கே வருபவர்களில் ஏழைகளே மிகுதி என்பதும் முக்கியமானவை. அரசின் மருத்துவச் செலவு யாரைச் சென்றடைகிறது என்று கணக்கிட்ட ஆய்வுகள், அது வசதியானவர்களைவிட ஏழைகளுக்குச் சாதகமாகவே பகிரப்படுவதைக் காட்டுவதற்குக் காரணம், வீட்டுக்கு அருகிலிருக்கும் மருத்துவமனையை முதற்படியாக வைத்து, அங்கிருந்து பரிந்துரை பெற்றே மேலே செல்லும் ஏற்பாடு.

குடும்பத்தை நிலைகுலைய வைக்கும் மருத்துவச் செலவைச் சந்தித்தவர்கள், பின்னர் இத்திட்டத்துக்குள் வந்த பிரிவினரில் மிக ஏழை ஐந்தில் ஒரு பங்கினரிடையே 1996-இல் 6.8 விழுக்காடாக இருந்தனர், 2008-இல் 2.8 விழுக்காடாகக் குறைந்தனர். வறுமைக்கோட்டுக்கு மேலிருந்த குடும்பங்கள் மருத்துவச் செலவால் அதற்குக் கீழே விழுவது 2000-இல் 2.71 விழுக்காடு, 2009-இல் 0.49 விழுக்காடு. இந்த எண்களை வெறும் பொருளாதாரக் குறியீடுகளாகப் படித்துவிடலாகாது. நிலத்தை அடகு வைத்தால்தான் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை என்ற நிலையிலிருக்கும் குடும்பம், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. அல்லது செய்துகொண்டு பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது. ஒரு தலைமுறையின் நோய் அடுத்த தலைமுறையின் வறுமையாகும் வழி அது.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள்

திட்டத்தின் மிகக் கடினமான சோதனை, செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக உடலின் கழிவை வெளியேற்றும் சிகிச்சையான டயாலிசிஸ். திட்டம் ஈடுகட்டும் சிகிச்சைகளைச் சொல்லும், 2002-இல் வகுத்த பயன்பட்டியலில் அது இல்லை. செலவு தாங்க முடியாதது என்பதே காரணம். அரசு ஊழியர்களுக்கும் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கும் அவரவர் திட்டங்களில் டயாலிசிஸ் கிடைத்துவந்தது. ஆகவே ஒரே ஊரில், ஒரே நோயால் சிறுநீரகம் செயலிழந்த இருவரில், ஆசிரியராக இருந்தவர் பிழைத்தார்; உழவராக இருந்தவர் சொத்தை விற்றுச் சில மாதங்களைக் கடந்து இறந்தார். பொதுக் காப்பீடு வந்த பிறகும் இந்த வேறுபாடு தொடர்ந்தது என்பது மட்டுமல்ல, எல்லோருக்கும் காப்பீடு என்று அறிவித்துவிட்ட நாட்டில் அது இன்னும் கூர்மையாகவே உறுத்தியது.

செலவுக்கேற்ற பயன் என்ற அளவுகோலில் டயாலிசிஸ் தேறவில்லை. பொருளாதாரக் கணக்கு அதைச் சேர்க்க வேண்டாம் என்றே சொன்னது. நோயாளிகளின் அமைப்புகளும் குடிமக்கள் இயக்கங்களும் விடாமல் போராடின. 2008 ஜனவரியில் அது பயன்பட்டியலில் சேர்க்கப்பட்டது. மூன்று திட்டங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும், குடும்பங்கள் கடனில் மூழ்குவதும் அந்த முடிவில் கணக்கை வென்றன. இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். செலவுக்கேற்ற பயன் என்ற அளவுகோல் ஒரு திட்டத்துக்குள் எதைத் தேர்வது என்று சொல்லும். ஒரே நாட்டில் ஒரு பிரிவினருக்கு ஏற்கெனவே வரிப்பணத்தில் கொடுத்துக்கொண்டிருப்பதை இன்னொரு பிரிவினருக்கு மறுக்கலாமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

சேர்த்த விதமும் கவனிக்கத்தக்கது. ரத்தத்தை இயந்திரத்தில் செலுத்திச் சுத்திகரிக்கும் முறைக்கு மையங்களும் செவிலியர்களும் நகரங்களில்தான் இருந்தனர். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அங்கே பயணிப்பது கிராமத்து நோயாளிக்கு இயலாத காரியம். எனவே வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கு முன்னுரிமை அளித்தனர். இரண்டு லிட்டர் அளவுள்ள திரவப் பையைத் தலைக்கு மேல் ஓர் ஆணியில் தொங்கவிட்டு, வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்துக் கழிவோடு வெளியேற்றி, மீண்டும் புதிய பையை மாட்ட வேண்டும். நாளுக்கு நான்கு முறை. கை கழுவுவதில் சிறு அலட்சியம் நேர்ந்தாலும் வயிற்றறையில் தொற்று ஏற்படும் என்பதால், நோயாளிக்கும் வீட்டில் உள்ள ஒருவருக்கும் செவிலியர் உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். மாதத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட பைகள் தேவைப்படும். அவற்றைத் தபால் துறையின் வழியாக நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தனர். பயன்பட்டியலில் ஒரு சிகிச்சையைச் சேர்ப்பதற்கும் அது தொலைதூர வீட்டைச் சென்றடைவதற்கும் இடையில் எத்தனை வேலை இருக்கிறது என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. 2022-இல் எந்த முறை வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளலாம் என்று விதி தளர்த்தப்பட்டது.

மருந்து விலையிலும் இதே உறுதி தெரிந்தது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான எஃபவிரென்ஸ் மருந்துக்கு 2006 நவம்பரிலும், லோபினவிர்–ரிடோனவிர் கூட்டு மருந்துக்கும் இதயநோய் மருந்தான குளோபிடோக்ரெலுக்கும் 2007 ஜனவரியிலும், காப்புரிமை வைத்திருப்பவரின் இசைவின்றியே மலிவான மாற்று மருந்தைப் பெற வழிசெய்யும் கட்டாய உரிமத்தை அரசு பிறப்பித்தது. காப்புரிமை விலையில் வாங்கினால் பட்டியலில் பெயரளவில் மட்டுமே இருந்திருக்கக்கூடிய மருந்துகள், ஏழை நோயாளிகளின் கைக்கு வந்து சேர அது வழிசெய்தது.

குறையாமல் நிற்பவை

மூன்று திட்டங்களும் இன்றும் மூன்றாகவே இருக்கின்றன. அரசு ஊழியர் திட்டம் ஒரு தலைக்குச் செலவிடும் தொகை, பொதுக் காப்பீட்டின் தொகையைப்போலப் பல மடங்கு. புறநோயாளிச் சிகிச்சைக்கு அது செய்த சேவைக்கெல்லாம் தனித்தனியே பணம் கொடுத்து வந்ததால், அதே மருத்துவமனையில், அதே நோய்க்கு, அரசு ஊழியர் குடும்பத்துக்கு விலை உயர்ந்த மருந்துகள் எளிதில் எழுதப்பட்டன. தனியார் துறைத் தொழிலாளர்களோ தம் ஊதியத்திலிருந்து பங்களிப்புக் கொடுத்தும், சில பயன்களில் பணம் கட்டாத பொதுக் காப்பீட்டு உறுப்பினரைவிடப் பின்தங்கியிருந்த காலமும் உண்டு. மூன்றையும் இணைப்பதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருந்தும், தம் பயன் குறைந்துவிடும் என்ற அரசு ஊழியர்களின் அச்சத்தையும் தம் நிதி கரைந்துவிடும் என்ற தொழிலாளர் சங்கங்களின் அச்சத்தையும் எந்த அரசாலும் கடக்க முடியவில்லை. குரல் வலிமை மிகுந்தவர்கள் தனித் திட்டத்தில் இருக்கும்வரை, பொதுத் திட்டத்தின் ஒதுக்கீட்டுக்காக வாதிடும் குரல் வலுவிழந்தே இருக்கும் என்பதுதான் இந்தப் பிளவின் பெரிய தீங்கு.

மருத்துவர் பற்றாக்குறையும் அப்படியே. நோயாளிகள் பெருகியதால் மாவட்ட மருத்துவமனைகளில் வேலைப்பளு கூடியது. அதே ஆண்டுகளில் வெளிநாட்டு நோயாளிகளை ஈர்த்து வளர்ந்த தனியார் மருத்துவமனைகள் அந்த மருத்துவர்களைப் பெரிய ஊதியத்தில் இழுத்துக்கொண்டன. கிராமப்புற மாணவர்களைத் தேர்ந்து, அவரவர் பகுதியிலேயே பயிற்றுவித்து, அங்கேயே பணியமர்த்த 1994-இல் தொடங்கிய திட்டம் இருந்திராவிட்டால் வடகிழக்கின் நிலை மேலும் மோசமாகியிருக்கும். காப்பீட்டுப் பணத்தால் மருந்து வாங்கலாம். மருத்துவரை ஓர் ஊரில் தங்கவைக்க வேறு ஏற்பாடுகள் தேவை.

திட்டமே உருவாக்கிய இடைவெளி ஒன்றும் உண்டு. அதைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை பெறுபவர் என்பதற்குத் தாய்லாந்துக் குடியுரிமை உள்ளவர் என்று பொருள் கொள்ளப்பட்டது. வடக்கு, மேற்கு எல்லைகளின் மலைப்பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்தும் குடியுரிமைப் பதிவு முடியாதிருந்த இனக்குழுவினரில் பலர், அதற்கு முன் ஏழைகளுக்கான அட்டையையோ சந்தா அட்டையையோ வைத்திருந்தவர்கள். அனைவருக்குமான காப்பீடு வந்த நாளில் அவர்கள் தம்மிடமிருந்த காப்பீட்டை இழந்தனர். எல்லையோர மாவட்ட மருத்துவமனைகள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் தலைவீதக் கணக்கில் அவர்களுக்குப் பணம் வராததால், மற்றவர்களுக்கான தொகையிலிருந்து எடுத்துச் செலவிட்டுக் கடனில் ஆழ்ந்தன. 2001-க்கு முன் வடகிழக்கு மருத்துவமனைகளுக்கு இருந்த அதே சிக்கல், இடம் மாறி மீண்டும் தோன்றியது. 2010 மார்ச்சில் அமைச்சரவை இவர்களுக்கெனத் தனி நிதியை ஏற்படுத்தியது. ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அதற்குள் வந்தனர். அந்த நிதியைத் தேசிய நலவாழ்வுப் பாதுகாப்பு அலுவலகம் நிர்வகிப்பதில்லை. நலவாழ்வு அமைச்சகமே நேரடியாக நிர்வகிக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், பெயர் ஏறாதவர்களும், ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டிய அயல்நாட்டுத் தொழிலாளர்களில் ஆவணம் இல்லாதவர்களும், அந்த மருத்துவமனைகளின் ஈடுகட்டப்படாத கணக்கில்தான் இன்னும் சிகிச்சை பெற்றுவருகின்றனர்.